எண்பத்தெட்டு புள்ளி நான்கு

வேங்கிக்காலில் ராமகிருஷ்ணன் காதுபட யாரும் வாய்தவறிக்கூட நிலத்தின் அளவைச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தோம். "இருபது சென்ட்டு" என்று ஒருவர் சொல்லி வாயை மூடுவதற்குள் "எட்டு புள்ளி சைபர் ஒன்பது ஏர்ஸ்" என்று பதில் வந்துவிடும். கலெக்டர் ஆபீசில் நில அளவைப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் அவர் பார்த்த வேலை அதுதான். ஜனங்கள் வாயில் சென்ட்டும் ஏக்கரும். பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பெருக்கியும் வகுத்தும் ரிடையர் ஆனவர். அலகு எழுதாத எண்ணை அவர் மேசைக்குக் கொண்டுபோனவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்புவார்கள். ஓரம் வெட்டுப்பட்ட நகல், பாதி விழுந்த முத்திரை, எதற்கும் மசியமாட்டார். முழுசாகக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வருஷமாக ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்காமல் விட்டார். அது அவர் பெற்ற பிள்ளையின் எண்.

ஒரே பிள்ளை குமரேசன், இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் வேலை. ராமகிருஷ்ணனின் தம்பி சக்திவேல் ஐந்து வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கெட்டுப்போய்ச் செத்தான். அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் கிரியேட்டினின் என்பது உப்பு, புளி மாதிரி புழங்கும் சொல்லாகிவிட்டது. சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் எண் அது. ஒன்றைச் சுற்றி இருந்தால் நிம்மதி, இரண்டைத் தாண்டினால் கவலை, ஐந்தைத் தொட்டால் டயாலிசிஸ். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால்தான் ராமகிருஷ்ணனின் மனைவி கஸ்தூரி பிள்ளைக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ரொம்ப நாள் "எல்லாம் நார்மல்மா" என்று வாயாலேயே ஒப்பேற்றிவந்தான். அவள் விடவில்லை. போன வருஷம் முதல் போட்டோ வந்தது.

"என்னங்க, இருநூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்குது. நம்ம ஊர்ல ஒண்ணுதானே நார்மல்?" என்று பதறிப்போய்ப் போனைக் கொண்டுவந்தாள்.

குமரேசன் அன்றைக்கே போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். "இங்க வேற யூனிட்டும்மா. அப்பாவக் கேளுங்க. சென்ட்டும் ஏர்ஸும் மாதிரி. நிலம் அதே நிலம்தான், எண்ணுதான் வேற."

ராமகிருஷ்ணனுக்கு அந்த வார்த்தையில் வாயெல்லாம் பல். பிள்ளை தன் தொழிலைப் பிடித்துப் பேசுகிறான் அல்லவா. கஸ்தூரியை எதிரில் உட்காரவைத்து, ஒரு ஏக்கர் என்றாலும் நாற்பது புள்ளி நாலு ஏழு ஏர்ஸ் என்றாலும் ஒரே நிலம்தான் என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அவள் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலையாட்டிக் கேட்டாள். எத்தனையால் பெருக்கி எத்தனையால் வகுப்பது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் தேடவில்லை.

ஆறு மாசம் கழித்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. போன வாரம் நானூற்றேழு. மூன்று போட்டோவிலும் வலதுபக்க ஓரம் வெட்டப்பட்டிருந்தது. எது சரியான அளவு என்று அச்சடித்திருக்கும் கட்டம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். ராமகிருஷ்ணன் அதைப் பார்த்தார். கண் தெரியாமல் போய்விடவில்லை. ஊரான் பத்திரத்தில் நூல் அளவு கிழிசலைக் கண்டுபிடித்த கண் அது. பார்த்தார், போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், காபி கேட்டார். வேறென்ன சொல்ல.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு லேப் இருக்கிறது. சக்திவேலின் மகள் கவிநிலா அங்கே டெக்னீஷியன். அப்பா செத்த மறுவருஷம் அந்தப் படிப்பில் சேர்ந்தாள், படிக்கவைத்தவர் ராமகிருஷ்ணன். தம்பி பெண்ணைத் தன் பெண்ணாகப் பார்க்கிறார் என்று சொந்தபந்தத்தில் அவருக்கு நல்ல பேர். லேபுக்கு வருகிற ஆண்களை எல்லாம் அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். இவரை மட்டும் இத்தனை பேர் நடுவிலும் வாய் நிறைய, "பெரியப்பா, வாங்க." அதைக் கேட்கவே கஸ்தூரியின் சுகர் டெஸ்டுக்கு ஒவ்வொரு மாசமும் தானே கூடப் போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் போயிருந்தார். கஸ்தூரி ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்ச்சாரியில் இட்லி சாப்பிடப் போனாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையில் இரண்டு காகிதத்தை வைத்துக்கொண்டு கவிநிலாவிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று அவள் ஊரில் எடுத்தது, ஒன்று இங்கே எடுத்தது. கவிநிலா கால்குலேட்டரைத் தட்டி, பேனாவால் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை எழுதிக் கொடுத்தாள். அந்த அம்மாள் முகம் மலர்ந்து கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

"என்னாம்மா அது கணக்கு?" என்றார் ராமகிருஷ்ணன். கணக்கு என்றால் அவருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"கிரியேட்டினின் பெரியப்பா. நாம மில்லிகிராம்ல போடறோம், அவங்க ஊர்ல மைக்ரோமோல்ல போடறாங்க. அவங்களுத எண்பத்தெட்டு புள்ளி நாலால வகுத்தா நம்முது வந்துடும். இவங்களுக்கு அங்க எழுபத்தொண்ணு, இங்க பாயிண்ட் எட்டு. ரெண்டும் ஒண்ணுதான். அது தெரியாம நேத்தெல்லாம் பயந்துட்டிருந்தாங்க."

"அப்போ அவங்க கணக்குல எவ்ளோ இருந்தா நார்மல்?"

"அறுபதுலேர்ந்து நூறு, நூத்திச்சொச்சம் வரைக்கும்."

ராமகிருஷ்ணனுக்கு உட்கார்ந்திருந்த பெஞ்ச் கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. நூறு. பையில் இருக்கும் போனில் நானூற்றேழு. வகுத்துப் பார்க்க அவருக்குக் கால்குலேட்டர் வேண்டியதில்லை. ஆனாலும் அந்த எண்ணைத் தன் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை.

"ஒருத்தருக்கு நானூத்தியேழுன்னு இருந்தா?"

அவள் தட்டினாள். "நாலு புள்ளி ஆறு" என்றாள். தட்டிய விரலை எடுக்காமலே நிமிர்ந்தாள். "யாருக்கு பெரியப்பா?"

"ஆபீஸ்ல கூட வேலை செஞ்சவரு. அவரு பையன் வெளிநாட்ல இருக்கான்."

"சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சப்போ அஞ்சு புள்ளி ரெண்டு." அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவள் குரலை இறக்கிக்கொள்வாள். அதே குரலில் இவரையும் கடிந்துகொண்டாள். "நீங்களும் ஒருவாட்டி கொடுங்கன்னு எத்தினி தடவ சொல்றேன். அப்பவே உங்களுக்கு ஒண்ணு புள்ளி ஆறு இருந்துச்சு. வயசாக ஆக ஜாஸ்தியாயிட்டே போவும் பெரியப்பா. தண்ணியாவது ஒழுங்கா குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்மா" என்றார்.

இந்த ஒன்று புள்ளி ஆறின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

சக்திவேலுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பான் என்று டாக்டர் சொன்னார். அவன் மனைவி அருணாதேவிக்கு ரத்த வகை சேரவில்லை. கவிநிலா அப்போது பதினெட்டு வயசுப் பெண், அவளிடம் வாங்கமாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். மிச்சம் இருந்தவர் அண்ணன் ஒருத்தர்தான். ராமகிருஷ்ணன் குமரேசனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தார். திரும்பி வந்து, அடி அண்ணாமலையில் தம்பி வீட்டுக் கூடத்தில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எனக்கே ஒண்ணு புள்ளி ஆறு இருக்குதாம். டாக்டர் வேணாம்னுட்டாரு." அருணாதேவி அழுதாள். சக்திவேல் எழுந்துவந்து அண்ணனின் தோளைத் தொட்டு, "உன் உடம்பப் பாத்துக்கோண்ணா" என்றான். பதினோரு மாசத்தில் செத்தும் போனான்.

ரிப்போர்ட்டில் இருந்தது பாயிண்ட் எட்டு. எல்லாம் பொருந்தியிருந்தது, ஒன்றுகூடக் குறையில்லை. பயம். அவ்வளவுதான். வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயம். நாளைக்கு என் பிள்ளைக்கே ஒன்று வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று பிற்பாடு தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அவருக்கு நாலு வருஷம் நன்றாகத் தூக்கம் கொடுத்தது.

இப்போது பிள்ளைக்கே ஒன்று வேண்டியிருக்கிறது.

கஸ்தூரியை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு மணி வெயிலில் வேங்கிக்கால் ஏரிக்கரைக்குப் போனார். கரையில் ஈ காக்கை இல்லை. அங்கே காலை எட்டரை இருக்கும் என்று நேரத்தையும் ஒரு மாற்று மாற்றிப் பார்த்துக்கொண்டு போன் போட்டார். குமரேசன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நானூத்தியேழ எண்பத்தெட்டு புள்ளி நாலால வகுத்தேன்டா."

அந்தப் பக்கம் திறந்த கதவு மறுபடி மூடும் சத்தம் கேட்டது.

"இவ்ளோ நாள் கழிச்சா?" என்றான் குமரேசன். "மொத போட்டோவுலயே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன் பா. ஓரத்த வேற வெட்டித்தான் அனுப்பினேன். எங்கப்பாகிட்டயா இது நடக்கும்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுமே கேக்கல."

"ஏன்டா மறைச்ச?"

"அம்மா தாங்கமாட்டாங்க. அம்மாவுக்குச் சுகர், அவங்களால தரவும் முடியாது. உங்ககிட்ட கேக்க வேணாம்னு இருந்துச்சு."

"கேக்கறதுக்கு என்னாடா இருக்குது? நான் தரேன். அடுத்த மாசமே கிளம்பி வரேன். உனக்கில்லாம யாருக்கு?"

"உங்களுக்குத்தான் ஒண்ணு புள்ளி ஆறாச்சே பா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

"சென்னையிலேர்ந்து உங்க டெஸ்ட் பைலத் தூக்கிட்டு வந்தது நான்தான் பா. திண்டிவனம் தாண்டி நீங்க தூங்கிட்டீங்க. நான் பிரிச்சுப் படிச்சேன்" என்றான். "சித்தப்பா ஒருநாள் என்னைத் தனியா கூப்ட்டாரு. 'உங்கப்பாவுக்கு நெசமாவே ஒத்துவரலியாடா'ன்னு கேட்டாரு. ஆமா சித்தப்பா, ஒண்ணு புள்ளி ஆறுன்னு நானும் சொன்னேன். அதுக்கப்புறம் அவரு யார்கிட்டயும் கேக்கல. இப்போ உங்ககிட்டேர்ந்து வாங்கி வச்சுக்கிட்டு கவிநிலா மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது?"

"அவளுக்கு ஏன்டா தெரியணும்? அங்கயே வந்து, அங்கயே முடிச்சிட்டு..."

"பாத்தீங்களா" என்றான் குமரேசன். அந்த ஒரு வார்த்தைக்குமேல் ஏச வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. "இங்க லிஸ்ட்ல பேரு குடுத்திருக்கேன். மூணு வருஷம் ஆவுமாம், அதுக்கு மேலயும் ஆவுமாம். அதுவரைக்கும் மிஷின்ல ஓட்டிக்கறேன். நீங்க குடுக்கறதுன்னா மொதல்ல அவகிட்ட சொல்லிட்டுக் குடுங்க. இல்லன்னா வேணாம்."

போனை வைத்துவிட்டான். ராமகிருஷ்ணன் வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். பிள்ளை மேல் ஆத்திரம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் நியாயம் பேசுகிறானே என்று வந்த ஆத்திரம். அது கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அடங்கியதும் மிச்சம் இருந்தது அவர் மட்டும்தான்.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினார். ஊரில் லேபுக்கா பஞ்சம்? பெரிய தெருவில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒன்று. பஸ் ஸ்டாண்டு லேப் வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். இங்கே டெஸ்ட் எடுத்து, எண்ணை மட்டும் பிள்ளைக்கு அனுப்பி, கவிநிலாவிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதினால் லீட்ஸில் இருப்பவனுக்கு என்ன தெரியப்போகிறது? அந்த யோசனை வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.

"அப்பாடா, இப்பவாவது வந்தீங்களே" என்றாள் கவிநிலா. அவருக்கு நரம்பு சீக்கிரம் கிடைக்காது. தட்டித் தட்டித் தேடி, வலிக்காமல் ஊசியைப் போட்டு ரத்தம் எடுத்தாள். பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிவிட்டாள். அப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். "டீ குடிச்சிட்டு வரேன்மா" என்று வந்தது.

டீ குடிக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பௌர்ணமி கிரிவலத்துக்கு இன்னும் நாள் இருந்ததால் கூட்டம் கம்மி. அஜ்மத் பேகம் என்று ஒரு வயசான அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முட்டி வலியைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் ஆமாம் ஆமாம் என்றார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கவிநிலா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "பெரியப்பா, இன்னும் கொஞ்ச நேரம். மிஷின் தப்பா காட்டுது. இன்னொருவாட்டி ஓட்டறேன்."

அவர் எழுந்து மேசைப் பக்கம் போனார். "எவ்ளோ காட்டுது?"

"பாயிண்ட் ஒம்பது. உங்களுக்கு வராது இல்ல? நானும் காலையிலேர்ந்து எல்லாத்தையும் செக் பண்ணிட்டேன், மத்தவங்களுது எல்லாம் சரியா வருது. ரெண்டாந்தரம் ஓட்டினேன், அப்பவும் பாயிண்ட் ஒம்பது. உங்க டியூப்பு வேற யாருதோடயாவது மாறிப்போச்சோன்னு பாக்கறேன்."

மிஷின் தப்பு, டியூப் தப்பு, தன் கை தப்பு என்று வரிசையாக யோசித்திருக்கிறாள். பெரியப்பா தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"டியூப்பு மாறலம்மா. மிஷின் சரியாத்தான் காட்டுது."

அவள் சிரித்தபடியே நிமிர்ந்தாள்.

"நேத்து நானூத்தியேழுன்னு கேட்டேன் பாரு. அது ஆபீஸ்காரர் பையன் இல்ல. குமரேசன்."

"அண்ணனா?" என்றாள். கண் கலங்கிவிட்டது. "அய்யோ, ஏன் பெரியப்பா சொல்லவேயில்ல? பெரியம்மாவுக்குத் தெரியுமா? பாயிண்ட் ஒம்பதுன்னா நீங்களே..." என்று ஆரம்பித்தவள் அந்த இடத்தில் நின்றாள். அவள் கண் மேசையில் இருந்த எண்ணுக்குப் போயிற்று, அவர் முகத்துக்கு வந்தது, மறுபடி எண்ணுக்குப் போயிற்று.

"வயசாக ஆக இது குறையாதே" என்றாள் மெதுவாக. "அப்பாவுக்குக் குடுக்கறதுக்கு டெஸ்ட் எடுத்தீங்களே. அன்னைக்கு எவ்ளோ இருந்துச்சு?"

முப்பத்திரண்டு வருஷம் எண்களோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு ஒரு எண்ணைச் சொல்ல அவ்வளவு நேரம் பிடித்தது.

"பாயிண்ட் எட்டு."

கவிநிலா அழவில்லை. திட்டியிருந்தால், கையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவருக்குத் தேவலை. அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து டைப் அடித்தாள். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினாள், ஒருமுறை தப்பாகத் தட்டி அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மில்லிகிராமில் பாயிண்ட் ஒன்பது. அதன் பக்கத்தில், குமரேசன் ஊர்க் கணக்கில், எண்பது. பிரிண்ட் வந்த காகிதத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாள். எந்த ஓரமும் வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது.

ராமகிருஷ்ணன் கையை நீட்டினார். ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த யூனிட்ல பாத்தாலும் நார்மல்தான் சார்" என்றாள் அவள். காகிதத்தை அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள். அப்புறம் அவரைத் தாண்டிப் பெஞ்சைப் பார்த்து, அடுத்தது யாரு என்று கேட்டாள்.